கட்டுமரம், தோணி, கப்பல்: ஜோ டி குரூஸின் மூன்று நாவல்கள்

கடலுக்கும் கரைக்குமென்றே நெய்தல் என்று ஒரு திணையை ஒதுக்கி வைத்த மொழி தமிழ். ஆனால் தமிழ் நாவல் 1879இல் பிறந்தபின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அக்ரஹாரத்திலும் வயல்காட்டிலும் நகரத்து ஒண்டுக்குடித்தனங்களிலும் சுற்றி வந்ததே தவிர, கடற்கரைப் பக்கம் வரவேயில்லை. மீனவர் வாழ்க்கையை நாவலாகத் தமிழ் வாசகர் பலர் முதலில் படித்தது தகழியின் ‘செம்மீன்’ வழியாகத்தான், அதுவும் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில். இத்தனைக்கும் முத்துக்குளித்துறை என்று உலகம் அறிந்த கரை நம்முடையது. 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோது அதற்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். 1586இல் ‘அடியார் வரலாறு’ அச்சானது புன்னைக்காயலில். தமிழ் எழுத்தை அச்சில் ஏற்ற உதவிய மக்களைத் தமிழ் நாவல் கண்டுகொள்ள இவ்வளவு காலம் ஆனதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கண்டுகொண்ட பிறகு நல்ல புத்தகங்கள் வந்தன. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வெளிவந்தது. மணப்பாட்டுக் கரையில் வள்ளக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் மூளும் பகையும், வள்ளத்தை விற்க மனமில்லாத குரூஸ் மிக்கேலும், அவர் மகள் பிலோமியும் அந்தச் சிறிய நாவலில் அழியாமல் நிற்கிறார்கள். அடுத்த ஆண்டே ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க்கரையில்’ வந்தது. அதற்கடுத்து 1979இல் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’. அளத்தில் பெண்கள் படும் பாட்டை அவர் நேரில் போய்ப் பார்த்து, விசாரித்து எழுதினார். 1988இல் தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ தேங்காப்பட்டணத்து முஸ்லிம்களின் வாழ்வைக் கொண்டுவந்தது. இவற்றில் எதையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒன்று இல்லாமலே இருந்தது. கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்குள் போகிறவன் அங்கே என்ன செய்கிறான், எதைப் பார்த்து எதை முடிவு செய்கிறான் என்பது. கதை கரையிலேயே நடந்தது. கடல் பின்னணியில் இரைந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தை நிரப்பியவர் ஜோ டி குரூஸ். உவரியில் 1963இல் பிறந்தவர். சென்னை லயோலாவில் பொருளாதாரம் படித்து, கப்பல் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர். ‘ஆழி சூழ் உலகு’ 2004 இறுதியில் தமிழினி வெளியீடாக வந்தது. சுனாமி வந்ததும் அந்த ஆண்டு டிசம்பரில்தான். 2009இல் காலச்சுவடு வெளியீடாகக் ‘கொற்கை’. அதற்கு 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2016இல் ‘அஸ்தினாபுரம்’. முதல் நாவல் கட்டுமரத்தின் கதை, இரண்டாவது பாய்மரத் தோணியின் கதை, மூன்றாவது கப்பலும் துறைமுகமும். கதைமாந்தர் ஒருவரே மூன்றிலும் தொடர்ந்து வருவதில்லை. ஆனால் ஒரு குடி கடலோடு கொண்ட உறவு, ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்கு மாறும்போது என்ன ஆகிறது என்ற ஒரே கேள்வி மூன்றிலும் ஓடுகிறது. அதனால் நான் இவற்றை ஒரு முத்தொகுதியாகவே வாசிக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று நாவல்களும் தொழிலைச் சொல்லும்போது தமிழில் இணையில்லாதவை. தொழிலை விட்டு வரலாற்றைக் கணக்கெடுக்கப் போகும்போது தளர்கின்றன. கருத்தை நிறுவப் போகும்போது இன்னும் தளர்கின்றன.

‘ஆழி சூழ் உலகு’ ஆமந்துறை என்ற கற்பனை ஊரில் 1933 முதல் 1985 வரை நடக்கிறது. மூன்று தலைமுறைக் கதை. ஆனால் 1933இல் தொடங்கி நேராக நடந்து போகும் கதையாக அது கட்டப்படவில்லை. 1985இல் கோத்ரா, சூசை, சிலுவை என்ற மூன்று பேர் நடுக்கடலில் மரம் கவிழ்ந்து தத்தளிக்கிறார்கள். ஒருவர் முதியவர், ஒருவர் நடுவயதுக்காரர், ஒருவன் இளைஞன். நாவல் அவர்களிடம் திரும்பத் திரும்ப வருகிறது. நடுநடுவே கரையின் ஐம்பதாண்டுக் கதையைச் சொல்கிறது. இந்த அமைப்புதான் நாவலைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறேன். கரையில் எத்தனை கல்யாணம், எத்தனை அடிதடி, எத்தனை சாவு வந்தாலும் வாசகன் வழி தவறுவதில்லை. கடலில் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற பதைப்பு அவனை இழுத்துக்கொண்டே போகிறது. கரையில் ஒருவரையொருவர் கெடுத்துக்கொண்டும் மன்னித்துக்கொண்டும் வாழ்ந்தவர்கள் கடலில் ஒருவருக்காக ஒருவர் எவ்வளவு தூரம் போவார்கள் என்ற கேள்வியும் அங்கேதான் முற்றுகிறது.

இந்த நாவலில் காற்று வெறும் காற்றாக வீசுவதில்லை. வாடை வேறு, கச்சான் வேறு, கொண்டல் வேறு. எந்தக் காற்றுக்குப் பாயை எப்படி வைப்பது, நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, முன்பக்கத்து அணியத்தில் இருப்பவனுக்கு என்ன வேலை, பின்பக்கத்துப் பிற்றலையில் இருப்பவனுக்கு என்ன வேலை என்பதெல்லாம் உரையாடலுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. முதல் தலைமுறைக்காரரான தொம்மந்திரையின் காலத்துச் சுறா வேட்டையைப் படித்தவர் மறக்க மாட்டார்கள். சில கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மரத்தின் மேல் நின்றுகொண்டு, தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள உயிரோடு மனிதன் மல்லுக்கட்டுகிறான். அவனுக்கு இருக்கும் பலமெல்லாம் எப்போது கயிற்றை விடுவது, எப்போது இழுப்பது என்று தெரிந்திருப்பதுதான். அந்த அறிவை அவன் யாரிடமும் விளக்கிச் சொல்வதில்லை. கை செய்கிறது, அருகில் நிற்கும் சின்னவன் பார்த்துக்கொள்கிறான். ஒரு தொழில் தலைமுறை விட்டுத் தலைமுறைக்கு எப்படிக் கைமாறுகிறது என்பதை இவ்வளவு நம்பும்படி காட்டிய தமிழ் நாவல்கள் மிகக் குறைவு. நைலான் வலையும் விசைப்படகும் வந்தபோது கரையில் ஏன் ரத்தம் சிந்தியது என்பதும் அப்போதுதான் நமக்குப் புரிகிறது. மீன் குறைந்துவிடும் என்ற பயம் பாதிதான். ஐம்பது வருஷம் கற்றுக்கொண்டது ஒரே பருவத்தில் செல்லாக்காசாகிவிடும் என்ற பயம் மீதி.

இந்த நாவலின் மொழி பற்றிப் பலர் குறைப்பட்டதுண்டு. பேச்சுவழக்கு கடினம், பின்னால் சொல்லகராதி பார்க்க வேண்டியிருக்கிறது என்று. நான் அதைக் குறையாக எண்ணவில்லை. முப்பது பக்கம் பொறுமையாகப் படித்தால் அகராதி தேவைப்படாது. அறிமுகமில்லாத ஓர் உலகத்துக்குள் புகும் எந்த வாசகனும் செலுத்தவேண்டிய சிறு விலை அது.

அறிவியல் புனைகதை படிப்பவர்களுக்கு இந்த விலை நன்றாகத் தெரியும். அந்த வகையில் பெரிதும் கொண்டாடப்பட்ட கிம் ஸ்டான்லி ராபின்சனின் செவ்வாய் முத்தொகுதியை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1992, 1993, 1996 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. மனிதர் செவ்வாயில் குடியேறி அதை வாழத்தக்க நிலமாக மாற்றும் கதை. ராபின்சனின் பலமும் தொழில்தான்: பாறை, காற்றழுத்தம், பனி, குடியிருப்பு கட்டும் முறை எல்லாம் அங்கே கதையாகவே ஆகின்றன. அவர்மேல் சொல்லப்படும் குறையும் நமக்குப் பழக்கமானதே. விவரம் மூச்சுமுட்டுகிறது, அரசியல் விவாதங்கள் பக்கக்கணக்கில் நீள்கின்றன என்பார்கள். ஆனால் அவர் ஒரு சிக்கலை முன்கூட்டியே அறிந்திருந்தார். கதை தலைமுறைகளைத் தாண்டி ஓடுகிறது. வாசகன் யாரைப் பிடித்துக்கொண்டு நடப்பான்? அதற்காகத் தன் பாத்திரங்களுக்கு ஆயுளை நீட்டும் மருத்துவம் ஒன்றைக் கற்பித்தார். முதலில் போய் இறங்கிய நூறு பேரில் சிலர் கடைசித் தொகுதிவரை உயிரோடு வருகிறார்கள்.

கடற்கரை நாவலாசிரியருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருடைய மனிதர்கள் காலராவிலும் கடலிலும் கத்திக்குத்திலும் சாகிறார்கள். ‘ஆழி சூழ் உலகு’ நடுக்கடலில் தத்தளிக்கும் மூவரைக் கொண்டு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ‘கொற்கை’ தீர்க்கவில்லை.

‘கொற்கை’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல். 1914இல் தொடங்கி 2000 வரை வருகிறது. பாண்டியர் துறைமுகமாக இருந்து, கடல் பின்வாங்கியதால் வயல்காட்டு ஊராகிவிட்ட கொற்கையின் பெயரைத் தூத்துக்குடிக்குச் சூட்டியிருக்கிறார். இதன் வீச்சைப் பார்த்து மலைக்காமல் இருக்க முடியாது. பாண்டியபதி என்ற பட்டத்தோடு இருந்த பரதவர் சாதித்தலைவரின் செல்வாக்கு தேய்வது, மேசைக்காரர் என்று தங்களை உயர்த்திக்கொண்ட குடும்பங்களின் பகட்டு, கொழும்புக் கடைகள், வட்டித் தொழில், குருமார்களின் அதிகாரம், நாடார் வணிகர்களின் எழுச்சி, கடைசியில் பெரிய துறைமுகம். ஒரு நகரத்தின் முழு நூற்றாண்டையும் ஒரே புத்தகத்துக்குள் வைத்துவிட வேண்டும் என்ற வேட்கை இது. அப்படி ஒரு வேட்கை தமிழில் அடிக்கடி பிறப்பதில்லை.

இதிலும் தோணி வரும் பக்கங்கள்தான் உச்சம். தூத்துக்குடித் தோணி பாயையும் காற்றையும் மட்டும் நம்பிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோன கலம். தண்டல்தான் அதன் தலைவர். படித்த மாலுமி அல்லர். நட்சத்திரம் பார்த்தும் தண்ணீரின் நிறம் பார்த்தும் கலத்தை நடத்துகிறவர். சரக்கு நனையக்கூடாது, ஆள் போகக்கூடாது, முதலாளிக்குக் கணக்குத் தப்பக்கூடாது. இந்த மூன்றில் எதை முதலில் காப்பது என்ற முடிவைப் புயல் நேரத்தில் அவர் எடுக்க வேண்டும். தோணியில் ஏறும் பையனாக இருந்து தண்டலாக உயரும் பிலிப்பின் வழியாக இந்தப் பொறுப்பின் எடை நமக்குத் தெரியவருகிறது. பாய்மரத்தின் காலம் முடிந்து தோணிக்கு எஞ்சின் வந்ததும், கொழும்பு வியாபாரம் சுருங்கியதும், அந்த எடையைத் தாங்கப் பழகிய தோள்களுக்கு வேலையில்லாமல் போனதும் நாவலின் ஆழமான துயரம். தன் சமூகம் வீழ்ந்ததற்கு வெளியாரை மட்டும் குற்றம் சொல்லி ஒதுங்காத நேர்மையும் ஆசிரியரிடம் இருக்கிறது. ஊதாரித்தனத்தையும் உட்பகையையும் பட்டத்து மோகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர்மேல் ஊரிலிருந்தே கோபம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பிலிப்பை நாம் அடிக்கடி தொலைத்துவிடுகிறோம். ஆண்டு மாறுகிறது, புதிதாக நாலு பேர் வருகிறார்கள், ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குக் கள்ள உறவு, ஒருவர் சாகிறார், ஆண்டு மாறுகிறது. நூறு பக்கம் கழித்துப் பழைய பெயர் ஒன்று திரும்ப வரும்போது அவர் யார் மகன், யார் மருமகன் என்று பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நகரத்தில் நடந்த எதையும் விட்டுவிட மனமில்லாத ஆசிரியர், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு இடம் கொடுக்கிறார். வரலாற்றேட்டுக்கு அது பொருந்தும். நாவலுக்குத் தேர்வு வேண்டும். நானூறு பக்கம் குறைத்திருந்தால் இது தமிழின் மிகச் சிறந்த ஐந்து நாவல்களில் ஒன்றாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கண்டிப்பான ஒரு பதிப்பாசிரியர் உடன் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு குறை பெண்களைப் பற்றியது. இதை மெல்லச் சொல்லிக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. ‘கொற்கை’யில் பெண்கள் நிறைய வருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஆண்களின் ஆசைக்கும் வஞ்சத்துக்கும் இடமாகவே வருகிறார்கள். தகாத உறவு என்ற ஒன்றே திரும்பத் திரும்பக் கதையை நகர்த்தும் விசையாகப் பயன்படுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அது அதிர்ச்சியும் தருவதில்லை, எதையும் புரியவைப்பதுமில்லை. சமூகத்துக்குள்ளிருந்து எழுந்த எதிர்ப்பு இதைத்தான் முதன்மையாகச் சுட்டியது. புத்தகத்தைத் தடுக்க நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இலக்கியக் குறையாகவே சொல்கிறேன். கடற்கரையில் மீனை ஏலம் எடுத்துத் தலைச்சுமையாக ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர் பெண். மரம் கடலுக்குப் போகாத மாதங்களில் வட்டிக்கு வாங்கிக் குடும்பத்தை ஓட்டுபவரும் அவரே. தொழிலை இவ்வளவு நுட்பமாகப் பார்க்கத் தெரிந்த ஆசிரியர், பெண்ணின் தொழிலை அதே கண்ணால் பார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்! ‘கரிப்பு மணிக’ளின் பொன்னாச்சியை உப்புப் பாத்தியின் வெயிலிலிருந்து பிரித்து நம்மால் நினைக்க முடியாது. ‘கடல்புரத்தில்’ நாவலின் பிலோமியும் அவள் தாய் மரியம்மையும் சில பக்கங்களிலேயே முழு மனுஷிகளாகிவிடுகிறார்கள். ‘ஆழி சூழ் உல’கிலும் அப்படிப்பட்ட பெண்கள் உண்டு. ஆயிரம் பக்கக் கொற்கையில்தான் தேட வேண்டியிருக்கிறது.

‘அஸ்தினாபுரம்’ பற்றி நிறையச் சொல்ல இல்லை. துறைமுகத்தை மகாபாரதத்துத் தலைநகராக உருவகித்து, கப்பல் முகவர், சரக்குக் கையாள்பவர், அதிகாரி, அரசியல்வாதி என்று எல்லோரும் பங்குக்கு மோதும் களத்தைக் காட்டுகிறது. தமிழில் வேறு யாரும் தொடாத களம். தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 1999இல் கன்டெய்னர் முனையம் வந்தது. இவையெல்லாம் நமக்குச் செய்தித்தாள் வரிகளாகவே இருந்தன. உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்த ஒருவர் எழுத வந்தது பெரிய விஷயம். ஆயினும் நாவல் நிமிரவில்லை. முந்தைய இரண்டிலும் அறிவு ஆபத்தோடு சேர்ந்தே வந்தது. காற்றைத் தவறாகக் கணித்தவன் செத்தான். இங்கே அறிவு உரையாடலாகவும் விளக்கமாகவும் வருகிறது. தவறினால் போவது பணமும் பதவியும்தான். நாயகனிடம் குறையென்று ஒன்றும் இல்லாததால் அவனுக்காக நாம் பயப்படுவதும் இல்லை. கரையின் வளர்ச்சி பற்றி ஆசிரியருக்கு இருக்கும் உண்மையான அக்கறை, பாத்திரங்களின் வாயில் கட்டுரையாகிவிடுகிறது. அந்த அக்கறையை அவர் கட்டுரையாகவே எழுதியிருந்தால் கூடுதல் பலன் இருந்திருக்கும்.

2014இல் அவர் எடுத்த அரசியல் நிலைப்பாட்டுக்காக நவயானா பதிப்பகம் ‘ஆழி சூழ் உல’கின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கைவிட்டது. பிறகு அந்நாவல் வேறு மொழிபெயர்ப்பில் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. எழுத்தாளரின் வாக்கு யாருக்கு என்பதைக் கொண்டு ஆமந்துறையின் கடலை அளக்க முடியாது.

இவ்வளவு எழுதப்பட்ட பிறகும் இந்தக் கரையின் மிகப் பழைய தொழில் நாவலில் இன்னும் மையத்துக்கு வரவில்லை. முத்துக்குளிப்பைச் சொல்கிறேன். கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள், கிரேக்க மாலுமி குறித்துவைத்தான், சுறாவைக் கட்டும் மந்திரக்காரர்களைப் பற்றி மார்க்கோ போலோ எழுதினார். ஆங்கிலேயர் காலத்தில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. மீதி, கடலுக்குள் இறங்கியவனின் மூச்சு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பின் கடலடி முத்துப்பார்களில் சிப்பி தேறவில்லை. 1973இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார். கல்லைக் காலில் மாட்டி இறங்கிய தலைமுறைக்கும், ஆய்வகத்தில் சிப்பியைத் திறந்த தலைமுறைக்கும் இடையே பன்னிரண்டே ஆண்டுகள். ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? அறிவியல் புனைகதையின் பெருந்தலைகளில் ஒருவரான ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்ததே கடலுக்குள் மூழ்கத்தான். எடையற்று மிதக்கும் அனுபவத்தில் அவர் விண்வெளியைக் கண்டார். நம் மன்னார் வளைகுடாவில், எந்தக் கருவியும் இல்லாமல் ஈராயிரம் ஆண்டுகளாக மூழ்கியவர்களின் கண்ணுக்கு அந்த அடிக்கடல் எப்படித் தெரிந்தது என்று நம்மில் யாரும் எழுதவில்லை.

‘கொற்கை’ முத்தைத் தொடுகிறது. ஆனால் பங்கு, ஏலம், பட்டம் என்று கரையில் நின்றே தொடுகிறது. தோணிக்குச் செய்ததை ஆசிரியர் முத்துக்குச் செய்யவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அந்தத் தொழில் நின்றுபோனதும் காரணமாக இருக்கலாம். கையோடு கை பார்த்துக் கற்ற தொழிலை மட்டுமே அவர் பேனா முழு பலத்தோடு எழுதுகிறது. முத்துக்குளிப்பு நின்றாலும் சங்குகுளி இன்னும் நிற்கவில்லை. திரேஸ்புரத்திலிருந்து இன்றும் வல்லங்கள் போகின்றன. கம்ப்ரசரில் இருந்து வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். மேலே இருப்பவன் எந்திரம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கீழே இருப்பவன் குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்த சங்கு வங்காளத்துக்கு வளையலாகப் போகிறது. அந்த வல்லத்தில் ஏறியிறங்கும் ஓர் இளைஞனோ, சங்கை எண்ணி வாங்கும் ஒரு பெண்ணோ எழுத வர வேண்டும். ‘ஆழி சூழ் உல’கைப் படித்துவிட்டு வரட்டும். தத்தளிக்கும் அந்த மூன்று பேரை எப்படிக் கதையின் முதுகெலும்பாக வைத்தார் என்பதை அதில் கற்றுக்கொள்ளலாம். நகரத்தின் நூறாண்டையும் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு பருவம், ஒரு வல்லம், நாலைந்து ஆட்கள் போதும்.